பின்னட்டைப் பேராசிரியர்

புத்தகம் படிக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். கூப்பிட்டால் காது கேட்காமல், காப்பி ஆறிப்போவது தெரியாமல், ஒரு மூலையில் கிடப்பார்கள். அவர்களால் ஊருக்குத் தொந்தரவில்லை. புத்தகமே படிக்காதவர்களையும் தெரியும். அவர்களால் தொந்தரவு இன்னும் குறைவு. இங்கே பேச்சு இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனத்தைப் பற்றியது. எந்தப் புத்தகம் வெளிவந்தாலும் அதைப் போட்ட பதிப்பகம், அட்டையின் நிறம், நன்றியுரையில் யார் பெயர் விட்டுப்போயிற்று, எழுதியவருக்கும் முன்னுரை தந்தவருக்கும் எந்த வருடத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை இந்த இனத்துக்கு அத்துப்படி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. தெரியாது என்பதும் வெளியே தெரியாது. இவர்தான் பின்னட்டைப் பேராசிரியர்.

எல்லா ஊரிலும் இவர் வளர்வார் என்றாலும், தொண்ணூறுகளின் மைசூர் இவருக்கு வெகு தோதாக அமைந்துவிட்டது. வெயில் அதிகமில்லை, கல்லூரிகளுக்குக் குறைவில்லை, மத்தியானச் சாப்பாட்டோடு கூடிய கருத்தரங்குகள் மாதம் தவறாமல் நடந்தன. அந்த வருடங்களில் டில்லியிலிருந்து புதுப்புது ஆய்வுநூல்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. கல்வி, பெண்ணிய அரசியல், பண்பாட்டு அடையாளம், இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் அப்போது ஒரு புத்தகத்துக்கும் அட்டை போட மாட்டார்கள் போலிருந்தது. தலைப்பின் நடுவே கட்டாயம் ஒரு முக்காற்புள்ளி. அதற்கு முன்னால் புரியாத மூன்று சொற்கள், பின்னால் அதைவிடப் புரியாத ஆறு சொற்கள். இத்தனையையும் ஒரு மனிதன் உட்கார்ந்து படித்தால் கூட்டங்களில் பேசுவது எப்போது? பேசத்தானே அவை வந்தன!

சரஸ்வதிபுரத்தில் குடியிருந்த டாக்டர் சேகரன் இந்த இனத்தில் நல்ல வளர்ச்சி கண்டவர். அப்பா சேலத்துப் பக்கமிருந்து மில் வேலைக்கு வந்து மைசூரில் தங்கிவிட்டவர். பிள்ளை இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வியியல் போதித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் ஆசிரியர், கூட்டங்களில் பெண்ணியச் சிந்தனையாளர், வீட்டில் உமாதேவியின் கணவர். இந்த மூவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே கிடையாது.

அவருக்கு மதிப்புரைக்காகப் பார்சல் வரும் நாளில் நீங்கள் அந்த வீட்டில் இருந்திருக்க வேண்டும். கத்தரிக்கோலைத் தொட மாட்டார். நூல் முடிச்சை நகத்தால் பொறுமையாக அவிழ்ப்பார். புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பார். விலையைப் பார்த்து, “இந்த விலைக்கு எவன் வாங்கிப் படிப்பான்?” என்று நொந்துகொள்வார், இலவசமாக வந்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி நொந்துகொள்வதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. பிறகு கடைசிப் பக்கங்களுக்குப் போவார். சுட்டுப்பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா? இல்லை. மேற்கோள் நூல்களில்? அங்கும் இல்லை. நல்லது, புத்தகத்தின் முதல் குறை கிடைத்துவிட்டது. அடுத்து நன்றியுரை: வேண்டாதவர்கள் பெயர் இருக்கிறதா? இருக்கிறது. இரண்டாவது குறையும் கிடைத்துவிட்டது. அதன்பின் சாய்வு நாற்காலியில் சரிந்து பின்னட்டையை ஒருதரம் வேகமாகவும் ஒருதரம் நிதானமாகவும் படிப்பார். முன்னுரையின் முதல் சில பக்கங்களில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் ஓர் ஆச்சரியக்குறி, சற்றுத் தள்ளி ஒரு கேள்விக்குறி. கடைசியாக நடுப்பக்கம் ஒன்றில் பழைய பஸ் டிக்கெட்டைச் செருகி வைப்பார். யாராவது எடுத்துப் பார்த்தால் ஐயா அதுவரை வந்திருக்கிறார் என்று நினைக்க வேண்டுமல்லவா?

“இந்தப் புக்கு படிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டால் என்ன செய்வார் என்கிறீர்களா? அதற்கும் வழி உண்டு. “இப்பத்தான் மறுவாசிப்பு பண்ணிட்டிருக்கேன்” என்பார். எந்த நூலையும் அவர் வாசித்ததே கிடையாது, எல்லாமே மறுவாசிப்புதான். மேடையேறினாலோ, இருக்கவே இருக்கிறது மௌனம். “இந்த நூலின் பேச்சைவிட அதன் மௌனங்களே என்னை உறுத்துகின்றன” என்று ஆரம்பித்துவிட்டால் போதும். நூலில் இருப்பதைச் சொல்ல நூலைப் படித்தாக வேண்டும். இல்லாததைச் சொல்ல ஒன்றும் படிக்க வேண்டியதில்லை. கிராமத்துப் பெண்பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஓர் ஆய்வுநூல் வந்தபோது, அது கிராமத்துப் பெண்பிள்ளைகளைக் கண்டுகொள்ளவே இல்லை என்று ஒரு கூட்டம் முழுக்கக் கண் கலங்கிப் பேசியிருக்கிறார். எழுதிய அம்மாள் எதிரே உட்கார்ந்து திருதிருவென்று விழித்துவிட்டு, கடைசியில் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படிப்பதில்லை என்று உமாதேவிக்குத் தெரியும். எப்படி என்றால், அவர் பேசி முடித்த புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படிக்கிற வழக்கம் அவளுக்கு உண்டு. மைசூருக்குக் கிழக்கே ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண். கணக்கில் பட்டம், அதற்கு மேல் பி.எட். கல்யாணமாகி மைசூருக்கு வந்த புதிதில் புருஷனின் பேச்சைக் கேட்க முதல் வரிசையில் போய் உட்கார்ந்தவள், புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்த பிறகு பின்வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். யாரிடமும் எதையும் சொன்னதில்லை. வெளியே நாலு பேர் கும்பிடுகிற மனிதரை வீட்டுக்காரியே காட்டிக்கொடுப்பதா என்று இருந்துவிட்டாள்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வேலை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு கரும்பலகை, எதிரே கணக்கென்றால் பயப்படுகிற பிள்ளைகள். முதலில் நஞ்சன்கூட்டில் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். “தினமும் போய் வர்றதா? பாக்கலாம்” என்றார் சேகரன். பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அந்த இடத்தில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். அடுத்து மாதேஸ்வரன் மலை அடிவாரத்தில் ஓர் இடம். “காட்டுப் பக்கம் உமா. பாலாறு செக்போஸ்ட்கிட்ட துப்பாக்கிச் சூடு, கண்ணிவெடின்னு பேப்பர்ல வருதில்ல? அவசரம் எதுக்கு, பாக்கலாம்.” அதுவும் போயிற்று. இப்போது வந்திருப்பது ஹனூர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. சொந்த ஊர், அண்ணன் சித்தையன் வீடு பள்ளிக்குப் பின்தெருவில், ஒரே மகள் பெங்களூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், சனிக்கிழமை பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் மைசூர். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. வருகிற திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். இதற்கும் அவர் சொன்னது என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அவர் கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, “போகாதே” என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் உமாதேவி சண்டை போட்டிருப்பாள். வேண்டாம் என்கிறவனோடு சண்டை போடலாம். பாக்கலாம் என்கிறவனோடு எங்கே போய் முட்டிக்கொள்வது? இத்தனை வருடமும் அவளைத் தின்றது இந்த ஒரு கேள்விதான்.

இந்தக் கேள்வியைத்தான் அவள் மனிஷாவிடம் சொன்னாள். மனிஷா மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், தமிழைவிடக் கன்னடம் சரளமாக வரும். கொள்ளேகால், ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்த தமிழ்ப் பெண்களின் படிப்பும் வேலையும் என்று ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஊதுவத்தி தேய்ப்பவர்கள், சித்தாள் வேலை பார்ப்பவர்கள், படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் என்று வீடு வீடாக டேப் ரெக்கார்டரோடு போனாள். இந்த வீட்டுக்கும் வந்தாள். ஒரு மத்தியானம் முழுக்க உமாதேவி பேசினாள். நடுவில் உள்ளே வந்த சேகரன் டேப் ரெக்கார்டரைப் பார்த்து, “பேசு, பேசு! டேட்டாதான் முக்கியம்” என்று உற்சாகப்படுத்திவிட்டு, தனக்கு ஒரு காப்பி கேட்டார். என்ன பேசினாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

அந்த ஆய்வு இப்போது டில்லியில் அச்சாகித் தடிப்புத்தகமாக வெளிவந்திருந்தது. தலைப்பில் முக்காற்புள்ளியும் இருந்தது. நான்காவது அத்தியாயம் முழுக்க கௌரம்மா என்ற பெண்ணின் கதை. பெயரை மட்டும் மனிஷா மாற்றியிருந்தாள். கணக்குப் படித்த பெண். கணவர் மேடைதோறும் பெண் விடுதலை பேசும் பேராசிரியர். வேலைக்குப் போகாதே என்று சொல்ல மாட்டார், தள்ளிக்கொண்டே போவார். உள்ளூர்த் தமிழ் வாசகர் வட்டம் இந்த நூலுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தது. சிறப்புரைக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? மைசூரில் இதற்கென்று இருப்பவர் ஒருவர்தானே!

அந்தப் புத்தகம் பார்சலில் வந்த நாளிலிருந்து உமாதேவிக்கு வேறு வேலை ஓடவில்லை. மனிஷா கொடுத்த பிரதியை அவள் முன்பே படித்து முடித்திருந்தாள். வாயால் சொன்னால் ஏறாதது அச்சில் பார்த்தால் ஏறாதா என்று ஓர் ஆசை. ஏறினால் என்ன செய்வாரோ என்று ஒரு பயம். ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்தாள். அது மாறவே இல்லை. காப்பியில் சர்க்கரை குறைவு என்றார், குழாயில் தண்ணீர் சொட்டுகிறது என்றார், கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ளக் கதர் ஜிப்பாவை இஸ்திரி போடச் சொன்னார். கூட்டத்தன்று காலையில் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய பிரதியைத் திறந்து பார்த்தாள். முன்னுரையில் பென்சில் கோடு இருந்தது. ஆச்சரியக்குறி இருந்தது. நான்காவது அத்தியாயத்தில் பக்கங்கள் அச்சகத்தில் சரியாக வெட்டுப்படாமல் மேலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு விரல்கூட உள்ளே நுழையவில்லை.

உமாதேவிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. எதிரே நின்று சொன்னபோதும் கேட்கவில்லை. டில்லிவரை போய் அச்சாகி, பார்சலில் வீட்டுக்கே வந்தபிறகும் இந்த மனிதர் தன்னைத் திறந்து பார்க்கவில்லையே என்று இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு இட்லி வைக்கும்போது கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்த்தாள்.

“ஏனுங்க, திங்கக்கெழம தானுங்க கடைசி நாளு.”

“இன்னிக்கு மீட்டிங் இருக்கில்ல உமா? இது முடியட்டும். பாக்கலாம்.”

“அந்தப் பொஸ்தகத்துல நாலாவது அத்தியாயம் படிச்சீங்களா?”

“அதுதானே அந்தப் புத்தகத்தோட மையமே!” என்றார் சேகரன், சட்னியைத் தொட்டுக்கொண்டே.

வாசகர் வட்டம் கூடுவது ஒரு பாத்திரக்கடையின் மாடியில். செயலாளர் ஆறுமுகசாமி நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் கணக்கர். சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து ரயிலேறி வருவார். ஒரு புத்தகத்தை எடுத்தால் அச்சகத்தின் விலாசம்வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். அன்று முதலில் பேசியவர் அவர்தான். “நாலாவது அத்தியாயத்தப் படிச்சுட்டு எனக்குத் தூக்கமே வரலீங்க. அந்தக் கௌரம்மா புருஷன் வேண்டாம்னு சொல்ல மாட்டாராம். தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பாராம். அந்தம்மா வயசு போயிட்டே இருக்குது” என்றார். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி சேகரனைப் பார்த்தார். பள்ளி ஆசிரியை பாக்கியலட்சுமி பின்வரிசையில் உமாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. மேடைதோறும் பெண் விடுதலை பேசும் தமிழரான பேராசிரியர், வீட்டில் கணக்கு படித்த மனைவி, அப்படி மைசூரில் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? முன்வரிசையில் மனிஷா புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

சேகரன் எழுந்தார். முதலில் மௌனங்கள் வந்தன. பிறகு விளிம்பு வந்தது, சொல்லாடல் வந்தது, அடையாளம் என்பது ஒற்றையல்ல என்பதும் வந்தது. பேசிக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையில் ஒரு கண் வைத்தார். ‘வேலை கிடைத்தும் போகமுடியாத கௌரம்மா’ என்று அங்கே ஒரு வரி இருந்தது. மீதியை ஆறுமுகசாமி சொல்லியிருந்தார். பின்னட்டைப் பேராசிரியருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

“யார் இந்தக் கணவன்?” என்று கர்ஜித்தார். “இவன் மறுப்பதில்லை, ஒத்திப்போடுகிறான்! அடிக்கிற கையை ஊர் பார்க்கும். ஒத்திப்போடுகிற நாக்கை யார் பார்ப்பார்கள்? நண்பர்களே, இருப்பதிலேயே நாகரிகமான வன்முறை இதுதான்! வெளியே முற்போக்கு, உள்ளே முட்டுக்கட்டை. இப்படிப்பட்டவர்கள் நம் மத்தியிலேயே, இந்த மண்டபத்திலேயேகூட இருக்கலாம்!”

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். ஆறுமுகசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பார்வை சேகரனை இன்னும் ஏற்றிவிட்டது.

“அந்தக் கௌரம்மா இப்போது என் எதிரே வந்து நிற்கட்டும். நானே, இந்த சேகரனே, அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வருவேன்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அவருக்கே ஆச்சரியம், இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கைதட்டல் அவர் வாங்கியதில்லை. பின்வரிசையில் உமாதேவியும் தட்டினாள். உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

உப்புமாவும் காப்பியும் வந்தபோது ஆறுமுகசாமி ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சார், இத்தனை பேர் முன்னாடி சொந்தத் தப்ப ஒத்துக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! நீங்க கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.”

“அது… ஒரு சுயவிமர்சனம் வேணுமில்லையா, சமூகத்துக்கு” என்றார் சேகரன். புரியாததற்கெல்லாம் அவரிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

அடுத்தது மனிஷா வந்தாள். கண்ணில் தண்ணீர். “சார், தும்ப தேங்க்ஸ் சார், ரொம்ப தேங்க்ஸ். நாலாவது சாப்டர் படிச்சா என்கூடப் பேசவே மாட்டீங்கன்னு நெனச்சேன். உமா மேடம் பேரக் கௌரம்மான்னு மாத்தினேன், ஆனாலும் படிச்ச உடனே உங்களுக்குத் தெரிஞ்சிரும் இல்லையா, ஹௌதா சார்? அப்படியும் ஒளிக்காம பேசிட்டீங்களே!”

உப்புமாத் தட்டைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. உமாதேவி இரண்டடி தள்ளி நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் எதிர்பார்த்துக் காத்திருந்த மாற்றம் இப்போதுதான் வந்தது, கழுத்திலிருந்து காதுவரை சிவந்துகொண்டு. எங்கே போவார் பாவம்? “அது உமா என்று எனக்குத் தெரியாது” என்று சொல்லலாம். சொன்னால் புத்தகம் படிக்கவில்லை என்று ஆகிவிடும். “தெரியும்” என்று சொல்லலாம். சொன்னால் அந்தக் கணவன் நான்தான் என்று ஆகிவிடும். படிக்காதவன் என்ற பெயரா, பெண்டாட்டியை முடக்கிப் போட்டவன் என்ற பெயரா? சாதாரண மனிதனுக்கு இதில் தீர்மானிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பின்னட்டைப் பேராசிரியருக்கு ஒரு வாய் காப்பி விழுங்கும் நேரம் போதும்.

“தெரியாம இருக்குமாம்மா?” என்றார். “முதல் வாசிப்பிலேயே தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப எந்த பஸ்ஸுங்க சார்? நாங்களும் வழியனுப்ப வர்றோம்” என்றாள் பாக்கியலட்சுமி.

சேகரன் வாயைத் திறந்தார். அதிலிருந்து என்ன சொல் வரும் என்று உமாதேவிக்குத் தெரியும். அது வருவதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: “திங்கக்கெழம காலைல மொத பஸ்ஸுங்க. எல்லாரும் வாங்க.”

வீட்டுக்குப் போனதும் சேகரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை எடுத்து நான்காவது அத்தியாயத்தைத் தேடினார். பக்கங்கள் பிரியவில்லை. நகத்தால் முயன்று பார்த்தார். உமாதேவி சமையலறையிலிருந்து காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து, “இதுல வெட்டுங்க” என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டார். பக்கம் பக்கமாக வெட்டி, பென்சில் இல்லாமல், சாய்வு நாற்காலியில் சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினார். அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனாலும் மடித்த புடவையை எடுத்து வெளியே வைக்கவில்லை.

திங்கட்கிழமை சப்அர்பன் பஸ் ஸ்டாண்டில் வாசகர் வட்டம் பாதிக்கு மேல் வந்திருந்தது. சேகரன் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஆறுமுகசாமிக்கு மனசு கேட்கவில்லை. “தலையிலன்னு சொன்னீங்களே சார்” என்றார், ரொம்பவும் மரியாதையாக. நாலு பேர் கைகொடுத்துத் தலையில் ஏற்றிவிட்டார்கள். கதர் ஜிப்பாவோடு தகரப்பெட்டியைச் சுமந்து சேகரன் கொள்ளேகால் வழியாக ஹனூர் போகும் பஸ்கள் நிற்கும் இடம்வரை நடந்தார். அவரிடம் படித்த மாணவர்கள் இரண்டு பேர் எதிரே வந்து, வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஒதுங்கிப் போனார்கள்.

உமாதேவி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பயம் பாதி, சந்தோஷம் பாதி. நாளைக்கு வகுப்பில் கையில் சாக்பீஸ் இருக்கும் என்று நினைத்தபோது சிரிப்பாக வந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். ஏதோ சொல்ல வந்து, மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“உமா, ஒன்னு சொன்னா நம்புவியா? பின்னட்டைல அந்த வரியப் படிச்சப்போ எனக்கு எங்க காலேஜ் லிங்கப்பன் மூஞ்சிதான் தெரிஞ்சது. அவன் பொண்டாட்டியும் எம்.ஏ. படிச்சுட்டு வீட்லதான் இருக்கா. சத்தியமா, நான் அவனத்தான் திட்டினேன்.”

உமாதேவிக்கு அவர் சொன்னது பொய்யாகப் படவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்த கோபமெல்லாம் அது உண்மையாக இருந்ததால்தான் வந்தது: அந்த வரியில் அவருக்குத் தன் முகம் தெரியவே இல்லை. அப்போது பஸ் கிளம்பிவிட்டது.

அவ்வளவுதான் கதை. இதைப் படிக்கும்போது நீங்களும் நடுநடுவே சிரித்திருப்பீர்கள். சிரிக்கும்போது உங்கள் கண்ணெதிரே ஒரு முகம் வந்திருக்கும்: அலுவலகத்தில் எதிர் நாற்காலிக்காரர், மச்சினர், சங்கத்துத் தலைவர், யாரோ ஒருவர். அவரிடமே இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகக் கொடுங்கள். அவர் படித்துவிட்டு உங்களை நினைத்துச் சிரிப்பார். அது கிடக்கட்டும். சற்றுமுன் உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்களே, இதிலிருந்து கண்ணை எடுக்காமல் “ம்” என்றீர்களே, என்ன கேட்டார்கள் என்று நினைவிருக்கிறதா? எழுந்துபோய்க் கேளுங்கள். அவர்கள் இதற்குள் பெட்டி அடுக்க ஆரம்பித்திருக்கலாம்.